அக்காவின் இதயத்தில் 42 ஆண்டுகளாக இருந்த ஓட்டை

முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் தம் அக்காவுக்காக எழுதிக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு வயது 42. பீடி சுற்றுகிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய், இரண்டும் சுகப்பிரசவம். கர்ப்பப்பையில் நார்க்கட்டி வளர்ந்து மாதந்தோறும் இரத்தப்போக்கு மிகுந்ததால், கர்ப்பப்பையை எடுத்துவிட நாள் குறித்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுக்கலாமா என்று பார்ப்பதற்காக எடுத்த இசிஜியில் சிறு மாற்றம் தெரிந்தது. எக்கோ பார்த்தபோது இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் 22 மில்லிமீட்டர் ஓட்டை இருப்பதாகவும், அது பிறவியிலேயே உள்ளது என்றும் சொல்லி ஆபரேஷனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இத்தனை காலம் இது எப்படித் தெரியாமல் போனது, ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு இதை அடைக்கத்தான் வேண்டுமா, கர்ப்பப்பை ஆபரேஷனை இனி என்ன செய்வது, பிள்ளைகளுக்கும் இது இருக்குமா, மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இதை வெளியே சொல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள். வீட்டில் எல்லாரும் கலங்கிப் போயிருக்கிறார்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது.

பாளையங்கோட்டையில் இதய நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கிற விவரங்களை வைத்துப் பார்த்தால், இன்றிரவே அவரை எங்கும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைமை இல்லை. அவருக்கு வந்திருப்பது மாரடைப்பும் அல்ல, நாளைக்கே நின்றுவிடக்கூடிய இதயமும் அல்ல. அதே சமயம், ‘இத்தனை வருஷம் இருந்தது, இனியும் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று விட்டுவிடக்கூடிய விஷயமும் இல்லை. அடுத்த சில வாரங்களுக்குள் நிதானமாகச் சில பரிசோதனைகளைச் செய்து முடிவெடுக்க வேண்டிய நிலை இது.

ஓட்டை எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கருவில் இருக்கிற குழந்தைக்கு நுரையீரலில் வேலை இல்லை. மூச்சுக்காற்றின் பயன் அதற்குத் தாயின் இரத்தத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. அதனால் வலது மேலறைக்கு வருகிற இரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமல் நேரே இடது மேலறைக்குக் கடந்துபோக, இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. குழந்தை பிறந்து முதல் மூச்சு எடுத்த பிறகு அந்த வழி மூடிக்கொள்கிறது. நான்கு பேரில் ஒருவருக்கு அது முழுவதுமாக ஒட்டாமல் மெல்லிய கதவு போல நின்றுவிடுவது உண்டு. அது பெரும்பாலும் நோயே இல்லை. உங்கள் அக்காவுக்கு இருப்பது அதுவல்ல. அவருக்கு அந்த இடத்தில் சுவரே போதிய அளவு வளரவில்லை. இதைத்தான் மருத்துவர்கள் ஏ.எஸ்.டி. என்று எழுதுகிறார்கள். உயிரோடு பிறக்கிற 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது பேருக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது. அவற்றில் சிறு வயதில் கண்ணில் படாமல் தப்பிப் பெரியவர்களிடம் வந்து வெளிப்படுவதில் இந்த மேலறை ஓட்டைக்கு முக்கியமான இடம் உண்டு. ஆண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெண்களுக்கு இது வருகிறது.

இது ஏன் தெரியாமல் இருந்தது என்பதற்கு விடை இதயத்தின் அழுத்தத்தில் இருக்கிறது. மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் நடுவில் வரப்பு உடைந்தால் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும். மேடு பள்ளம் அதிகமில்லை என்றால் சத்தமில்லாமல் பாயும். இடது மேலறையின் அழுத்தம் வலது மேலறையினுடையதை விடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆகவே நுரையீரலில் சுத்தமாகித் திரும்பி வந்த இரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக வலப்பக்கம் கசிந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. கீழறைச் சுவரில் ஓட்டை இருந்தால் அழுத்த வேறுபாடு மிக அதிகம். ஸ்டெதஸ்கோப்பை வைத்த உடனே இரைச்சல் கேட்கும், குழந்தையிலேயே பிடித்துவிடலாம். மேலறை ஓட்டையில் இரத்தம் கடப்பதற்குச் சத்தமே இல்லை. கேட்கிற மெல்லிய முணுமுணுப்பும், கூடுதல் இரத்தம் நுரையீரலுக்குப் போகும் வால்வைக் கடக்கும்போது எழுவதுதான். அதோடு ‘லப் டப்’ என்று துடிக்கிற இதயத்தின் இரண்டாவது ஒலி இரண்டாகப் பிளந்து, மூச்சை இழுத்தாலும் விட்டாலும் மாறாமல் அப்படியே நிற்கும். அமைதியான அறையில், பொறுமையாகக் கேட்கிற காதுக்குத்தான் அது பிடிபடும். இரைச்சலான முகாமிலோ, வரிசை நிற்கிற புறநோயாளர் பிரிவிலோ தவறிப்போவதில் வியப்பில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வந்து பரிசோதிக்கிறார்கள்; உங்கள் அக்கா பள்ளியில் படித்த காலத்தில் அந்த ஏற்பாடு இல்லை.

இன்னொன்றும் உண்டு. உங்கள் அக்காவுக்கு இருபது வயதில் இருந்த ஓட்டையின் வேலை வேறு, நாற்பதுக்கு மேல் அதன் வேலை வேறு. வயது ஏற ஏற, குறிப்பாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்துகொண்டால், இடது கீழறையின் தசை விறைப்பாகிறது. விறைத்த அறைக்குள் இரத்தம் எளிதில் இறங்காமல் மேலறையில் தேங்கி, ஓட்டை வழியாக வலப்பக்கம் போவது கூடுகிறது. ஓட்டையின் அளவு பெரிதாக மாறாமலே அதன் வழியாகப் போகிற இரத்தம் பெருகுகிறது. பிரசவங்களைத் தாங்கிய உடம்பு இப்போது ஏன் தடுமாற வேண்டும் என்ற கேள்விக்கு விடையும் இதுவே. கர்ப்ப காலத்தில் தாயின் இரத்த அளவு ஏறத்தாழப் பாதி மடங்கு கூடுகிறது. நுரையீரல் அழுத்தம் உயராத ஏ.எஸ்.டி. உள்ள பெண்கள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். இளம் இதயம் ஈடுகொடுத்துவிடுகிறது.

அடுத்து, ‘ஒரு தொந்தரவும் இல்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றி. இதைத்தான் நான் மிகவும் கவனமாக விசாரிப்பேன். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் நம் பெண்கள் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ‘எதையெல்லாம் செய்வதை விட்டுவிட்டீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும். தெருக்குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்தால் முன்பு ஒரே மூச்சில் வீட்டுக்கு வந்தவர், இப்போது பக்கத்து வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்து, யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் மறுபடியும் தூக்குகிறார் என்றால், அந்தப் பேச்சு மூச்சுக்காக. மாடிப்படியில் பாதியில் நின்று சேலையைச் சரி செய்துகொள்கிறார் என்றால் அதுவும் அப்படியே. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலுக்குக் குடும்பமே கிளம்பும்போது ‘நான் வீட்டைப் பார்த்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க’ என்று அவர் பின்தங்க ஆரம்பித்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? பீடி சுற்றுகிறவர்களிடம் இது இன்னும் மறைந்துகிடக்கும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை உட்கார்ந்தே செய்கிற வேலை அது. இதயத்துக்குச் சோதனையே வைப்பதில்லை. ‘சும்மா இருக்கையில ஒண்ணுமில்ல, ஏறும்போது மட்டும் கொஞ்சம் எரைக்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான’ என்பது இந்த நோயாளிகளிடம் நான் அடிக்கடி கேட்கிற வாக்கியம். தொந்தரவு இல்லாதவர்களாக இவர்கள் இருப்பதில்லை. தொந்தரவு வராத அளவுக்குத் தங்கள் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டவர்களாக இருக்கிறார்கள். அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஐந்தாண்டுகளுக்கு முன்பு செய்த எந்தெந்த வேலையை இப்போது செய்வதில்லை என்று கேளுங்கள். அந்தப் பதிலை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூச்சிரைப்பு வெளியே தெரிந்தாலும் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவது எளிது. புகையிலைத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள், இளைப்பு நோய் என்று வருடக்கணக்கில் உறிஞ்சு மருந்து கொடுப்பார்கள், இரத்தசோகை என்பார்கள். உங்கள் அக்காவுக்கு மாதந்தோறும் இரத்தம் போவதால் இரத்தசோகையும் உண்மையிலேயே இருக்கக்கூடும்; அது இதயத்தின் பளுவை இன்னும் கூட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பார்த்துக் குறைவாக இருந்தால் சரிசெய்தாக வேண்டும். இதயத்தில் முணுமுணுப்பு கேட்டாலும், நம் ஊரில் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நிறைய இருப்பதால், இதுவும் அதுதான் என்று மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களும் உண்டு. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதால், எக்கோ பார்ப்பவர் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வையும் கவனித்துப் பார்த்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மையமான கேள்விக்கு வருகிறேன். அடைக்கத்தான் வேண்டுமா? ஓட்டை 22 மில்லிமீட்டர் என்ற எண்ணை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. நாற்பது ஆண்டுகளாக அளவுக்கு மீறி ஓடிய இரத்தம் வலது இதயத்தையும் நுரையீரல் இரத்தக்குழாய்களையும் என்ன செய்திருக்கிறது என்பதே முடிவைத் தரும். நல்லவேளையாக அதை அளந்து பார்க்கலாம். வலது அறைகள் விரிந்திருந்து, நுரையீரலுக்குப் போகிற இரத்தம் உடம்புக்குப் போவதைப் போல ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ இருந்து, நுரையீரல் குழாய்களின் தடை உயராமல் இருந்தால், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடைப்பதே சரி. அடைத்த சில மாதங்களில் வலது கீழறை கண்கூடாகச் சுருங்குவதை எக்கோவில் பார்க்கலாம். அடைக்காமல் விட்டால் நாற்பதைக் கடந்த பிறகு மேலறைத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், கால் வீங்குவதும், நடை குறைவதும் படிப்படியாக வரும். துடிப்பு ஒழுங்கு தவறிய மேலறையில் இரத்தம் உறைந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். கால் இரத்தக்குழாயில் உறைந்த சிறு இரத்தக்கட்டி நுரையீரலில் தங்காமல் ஓட்டை வழியாகக் கடந்து மூளைக்குப் போவதும் உண்டு. காரணம் புலப்படாமல் இளம் வயதில் பக்கவாதம் வந்தவர்களுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவது இதனால்தான். எந்த வயதில் அடைத்தாலும் பலன் உண்டு. ஆனால் துடிப்புக் கோளாறு வேரூன்றிய பிறகு அடைத்தால், அந்தக் கோளாறு அடைப்போடு போய்விடுவதில்லை.

காலம் கடந்துபோகிற நிலை ஒன்று உண்டு. அதை மறைக்காமல் சொல்வதே நல்லது. சிலருக்கு, ஏ.எஸ்.டி.யைப் பொறுத்தவரை குறைவான பேருக்குத்தான், பல ஆண்டு கூடுதல் ஓட்டத்தால் நுரையீரலின் நுண்குழாய்கள் தடித்துக் குறுகிவிடும். வலப்பக்க அழுத்தம் ஏறி இடப்பக்கத்தையும் மிஞ்சும்போது ஓட்டம் திசை மாறுகிறது. சுத்தமாகாத இரத்தம் உடம்புக்குள் கலக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன, விரல் நுனிகள் உருண்டு தடிக்கின்றன. 1897இல் விக்டர் ஐசன்மெங்கர் என்ற மருத்துவர் கீழறை ஓட்டை இருந்த ஒரு நோயாளியிடம் விவரித்த இந்த நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. இந்த நிலையில் ஓட்டையை அடைத்தால் வலது இதயத்துக்கு இருக்கிற ஒரே வடிகாலை அடைத்ததாகும். அது உயிருக்கே ஆபத்து. இவர்களுக்குக் கர்ப்பமும் கூடாது. உங்கள் அக்காவுக்கு விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவு 98 என்று எழுதியிருப்பது ஆறுதலான செய்தி. நடந்துவிட்டு வந்தும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். எக்கோ அறிக்கையில் நுரையீரல் அழுத்தம் 45 என்றிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். குழாய் கெட்டுப்போனாலும் அழுத்தம் ஏறும், வெறுமனே ஓட்டம் மிகுந்தாலும் ஏறும். எது காரணம் என்று எக்கோவில் தெளிவாகாவிட்டால், தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு உள்ளே நேரடியாக அளந்து பார்ப்பார்கள். அதற்குத் தயங்காதீர்கள்.

அதற்கு முன்பு உணவுக்குழாய் வழியாக ஓர் எக்கோ எடுப்பார்கள். பெயரைக் கேட்டுப் பலர் மிரண்டுவிடுவதால் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். தொண்டையில் மரக்கச்செய்யும் மருந்தைத் தெளித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரல் தடிமனுள்ள குழாயை விழுங்கச் சொல்வார்கள். முதல் ஒரு நிமிடம் குமட்டும். விழுங்கிய பிறகு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும், பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இதயத்துக்கு நேர் பின்னால் இருந்து பார்ப்பதால் ஓட்டையின் வடிவமும், அதைச் சுற்றியுள்ள விளிம்பில் எந்தப் பக்கம் எவ்வளவு சதை இருக்கிறது என்பதும், நுரையீரலிலிருந்து வருகிற நான்கு குழாய்களும் சரியான இடத்தில்தான் சேர்கின்றனவா என்பதும் தெளிவாகத் தெரியும். இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. சுவரின் மேற்பகுதியில், பெருஞ்சிரை வந்து சேருகிற இடத்தில் ஓட்டை இருந்தால் சாதாரண எக்கோவில் அது தப்பிவிடும். வலது அறைகள் விரிந்திருக்கின்றன, காரணம் மட்டும் தெரியவில்லை என்று எவருடைய அறிக்கையிலாவது எழுதியிருந்தால், அதோடு விட்டுவிடாமல் இந்தச் சோதனையோ சி.டி. ஸ்கேனோ செய்து தேட வேண்டும்.

விளிம்புச் சதை போதுமான அளவு இருந்தால் நெஞ்சைத் திறக்காமலே அடைத்துவிடலாம். நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பியால் பின்னிய, நடுவில் இடுப்பு போல ஒடுங்கிய இரட்டைத் தட்டு ஒன்று உண்டு. இழுத்து நீட்டினால் கம்பியாகி நுண்குழாய்க்குள் அடங்கும். வெளியே வந்தவுடன் பழைய வடிவத்துக்கு விரியும். வலது தொடையின் சிரை வழியாக அதை இதயத்துக்குக் கொண்டுபோய், ஓட்டையைக் கடந்து இடது தட்டை முதலில் விரித்து, சுவரோடு ஒட்ட இழுத்துப் பிடித்து, பிறகு வலது தட்டை விரிப்பார்கள். முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, உறுதியாக உட்கார்ந்தது தெரிந்த பிறகுதான் திருகைக் கழற்றி விடுவிப்பார்கள். திருப்தி இல்லை என்றால் அதுவரையில் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த சில மாதங்களில் தட்டின் மேல் உடம்பின் சொந்தச் சவ்வு படர்ந்து மூடிவிடுகிறது. அதுவரை, பொதுவாக ஆறு மாதத்துக்கு, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். பல் பிடுங்குவதானால் முன்கூட்டி ஆன்டிபயாடிக் எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டு இடம் பெயர்வதும், பக்கத்துச் சுவரை உரசிக் காயப்படுத்துவதும் மிக அபூர்வம். ஆனாலும் திடீர் நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், அடைத்து எத்தனை மாதமாகி இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விளிம்பு போதாவிட்டாலோ, ஓட்டை சுவரின் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ இருந்தாலோ அறுவை சிகிச்சைதான் வழி. அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் தாம் உருவாக்கிய இதய நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்த இதய ஆபரேஷன், ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் மேலறை ஓட்டையை அடைத்ததுதான். அன்று உலகச் செய்தியாக இருந்தது இன்று இதய அறுவை சிகிச்சையில் மிகப் பாதுகாப்பானவற்றுள் ஒன்று.

கர்ப்பப்பை ஆபரேஷன் பற்றிய கேள்விதான் உங்கள் அக்காவைப் பொறுத்தவரை மிகவும் நுட்பமானது. ‘முதலில் இதயம், பிறகு மற்றது’ என்று எல்லாரும் சொல்வார்கள். யோசிக்காமல் அதை ஏற்க வேண்டாம். தட்டு வைத்துவிட்டால் ஆறு மாதம் இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றேன். ஏற்கெனவே மாதந்தோறும் அளவுக்கு மீறி இரத்தம் போகிறவருக்கு அந்த மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தவும் முடியாது, இரத்தப்போக்கைத் தாங்கவும் முடியாது. நுரையீரல் அழுத்தம் பெரிதாக உயரவில்லை, துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று உறுதியானால், ஓட்டை இருக்கும்போதே கர்ப்பப்பை ஆபரேஷனைப் பாதுகாப்பாகச் செய்துகொள்ளலாம். பெரும்பாலும் அதுவே நல்ல வரிசையும்கூட. மயக்க மருந்து கொடுப்பவருக்கு ஓட்டை இருப்பது தெரிந்திருக்க வேண்டும்: நரம்பு வழியாக ஏற்றுகிற திரவத்தில் காற்றுக் குமிழி போகாமல் அவர் கூடுதல் கவனம் எடுப்பார், ஆபரேஷனுக்குப் பின் காலில் இரத்தம் உறையாமல் சீக்கிரம் எழுந்து நடக்கவும் வைப்பார். அதுவரை இரத்தப்போக்குக்கு மாத்திரை எழுதும் மகப்பேறு மருத்துவரிடமும் ஓட்டை இருப்பதைச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தூண்டும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. இதய மருத்துவர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் மூவரும் ஒன்றாகக் கலந்து பேச வேண்டிய விஷயம் இது. மூவரும் ஒரே மருத்துவமனையில் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் அலைச்சல் குறையும்.

பிள்ளைகளைப் பற்றி. இந்த வகை ஓட்டை பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே வந்து நின்றுவிடுகிறது. பொதுவாக நூறு குழந்தைகளில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிற பிறவி இதயக் குறை, தாய்க்கு இருந்தால் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு வரை ஆகிறது. அதாவது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருக்காது. இருந்தாலும் இரண்டு பிள்ளைகளுக்கும், உங்களைப் போன்ற உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு தடவை எக்கோ பார்த்துவிடுங்கள். வலி இல்லாத சோதனை, அரை மணி நேரம் ஆகாது. குடும்பத்தில் பலருக்கு இதய ஓட்டையோ துடிப்புக் கோளாறோ இருந்தாலும், யாருக்கேனும் கட்டைவிரலில் பிறவிக் குறை இருந்தாலும் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். மரபுவழி வருகிற அரிதான வகைகள் உண்டு. மாப்பிள்ளை தாய்மாமனாகவோ அத்தை மகனாகவோ இருந்தால், நெருங்கிய உறவில் மணம் செய்தவர்களின் குழந்தைகளிடம் பிறவி இதயக் குறை கூடுதலாகக் காணப்படுவதையும் சொல்லிவைக்கிறேன். பெண்ணுக்கே ஓட்டை இல்லை என்றாலும் இந்த ஒரு காரணத்துக்காக யோசிக்கலாம்.

வெளியே சொல்லலாமா என்று கேட்டீர்கள். என் கருத்து தெளிவானது: மறைக்காதீர்கள். மகளுக்கு எக்கோ நன்றாக இருந்துவிட்டால் அவளைப் பற்றி மறைக்க ஒன்றுமே இல்லை. கல்யாணம் முடிகிற வரை அக்காவின் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்றால், அதில்தான் எனக்கு உண்மையான கவலை. மகளின் கல்யாணத்துக்காகத் தாய் தன் நோயைப் பொறுத்துக்கொள்வதை நம் ஊரில் பெருமையாகப் பேசுகிறோம். கல்யாண வேலையின் அலைச்சலைத் தாங்க வேண்டியதும் அதே இதயம்தான். மகளுக்கே ஓட்டை இருப்பதாகத் தெரியவந்தாலும் அவள் வாழ்க்கை முடிந்துவிடாது. அடைத்து ஆறு மாதம் கழித்து, நுரையீரல் அழுத்தம் சரியாக இருந்தால், மற்றப் பெண்களைப் போலவே பிள்ளை பெறலாம்.

பெரியவர்களிடம் தாமதமாக வெளிப்படுகிற வேறு சில பிறவிக் குறைகளையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனென்றால் எக்கோ பார்க்கிற உறவினர்களில் யாருக்காவது அவை தென்படக்கூடும். உடம்புக்கு இரத்தம் போகிற பெருந்தமனியின் வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டே இருப்பது நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு உண்டு, ஆண்களிடம் அதிகம். அது ஐம்பதை ஒட்டி இறுகிச் சுருங்கும். சிலருக்குத் தமனியும் விரியும். கொஞ்ச காலத்துக்கு ஒரு முறை எக்கோ, பல் சுத்தம், தேவைப்படும்போது வால்வு மாற்றம் என்று அதைச் சமாளிக்கலாம். நம் பக்கத்து ஆட்கள் பலருக்கு மாற்றப்பட்டிருக்கிற சித்ரா வால்வு, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இன்னொன்று, பெருந்தமனி ஓரிடத்தில் இறுகியிருப்பது. போலீஸ் வேலைக்கோ வளைகுடா நாட்டுக்கோ தகுதிச் சோதனைக்குப் போன இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இரத்த அழுத்தம் 170 என்று வந்தால், மாத்திரையை எழுதுவதற்கு முன் தொடை இடுக்கில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையில் ஓங்கியும் காலில் மெலிந்தும் பிந்தியும் அடித்தால் தமனி இறுகியிருக்கலாம். அரை நிமிடச் சோதனை, செலவே இல்லை. இளம் வயது இரத்த அழுத்தத்தைப் பார்க்கிற ஒவ்வொரு மருத்துவரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

செலவைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் மனத்தில் இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. இதய அறுவை சிகிச்சைகள் அதில் அடங்கும். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். அக்காவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், இதய சிகிச்சைக்குத் தொழிலாளர் நல நிதியிலிருந்து உதவி பெற வழி உண்டா என்று முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனையில் கேளுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவில் முதலில் காட்டுவது நல்லது. மேற்கொண்டு அனுப்ப வேண்டியிருந்தால் மதுரையோ திருவனந்தபுரமோ எது பொருத்தம் என்று அவர்களே வழிகாட்டுவார்கள்.

போகும்போது இப்போதைய எக்கோ அறிக்கையோடு, பிரசவ காலத்து அட்டைகளையும், எப்போதோ சளிக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய எக்ஸ்ரேயில் இதயத்தின் அளவையும் நுரையீரல் குழாய்களின் பருமனையும் இன்றையதோடு ஒப்பிட்டால், மாற்றம் எவ்வளவு வேகமாக நடந்திருக்கிறது என்று தெரியும். அதற்கிடையில் படபடப்பு விடாமல் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, குறித்த நாளுக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.